ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

மகளின் கணிதத் தாளில் சிவப்பு மையில் ஒரே ஒரு வட்டம். ‘72-இன் காரணிகள் அனைத்தையும் எழுதுக’ என்பது கேள்வி. அவள் 11 எண்களை எழுதியிருந்தாள். பதினொன்றும் சரி. 18 மட்டும் இல்லை. அந்த ஒன்றுக்காக மதிப்பெண் போயிருந்தது.

அவள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். காரணிகளும் மடங்குகளும் இந்த ஆண்டுப் பாடம். வீட்டில் பலமுறை பயிற்சி செய்துவிட்டுத்தான் தேர்வுக்குப் போனாள். அதனால் எனக்குக் கோபம் வந்தது. “எல்லாம் தெரிஞ்சும் எப்படி ஒண்ணை மட்டும் விடுவே?” என்று கேட்டேன். கேட்டது மெதுவாகத்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவள் தாளை மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டு, “எனக்கு மேத்ஸ் வராதும்மா” என்றாள்.

ஒரு எண் விடுபட்டதற்கும் கணிதமே வராது என்பதற்கும் எவ்வளவு தூரம்! அந்தத் தூரத்தை அவள் ஒரே நொடியில் கடந்துவிட்டாள். கடக்கவைத்தது நான்தான்.

கும்பகோணத்திலிருந்து என் அப்பா வந்து எங்களோடு தங்கியிருந்த நேரம் அது. ஊரில் பல ஆண்டுகள் மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. “ஞாயித்துக்கிழமை தேக்காவுக்குப் போகணும்னியே, குட்டியையும் கூட்டிட்டுப் போகலாம்” என்று மட்டும் சொன்னார்.

நிலையப் பலகையில் இரண்டு எண்கள்

உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை, பாக்கு, பூ வாங்க வேண்டியிருந்தது. மூவரும் ரயிலில் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கினோம். அங்கே வடகிழக்கு ரயில் பாதையும் டவுன்டவுன் ரயில் பாதையும் சந்திக்கின்றன. அதனால் நிலையப் பலகையில் இரண்டு குறியீடுகள் இருக்கும். ஊதா நிறத்தில் என்இ7, நீல நிறத்தில் டிடி12.

அப்பா அதைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்: “ஏழு லட்டு இருக்கு. யாருக்கும் கூடக் குறைய இல்லாம எத்தனை பேருக்குப் பிரிச்சுக் கொடுக்கலாம்?”

“ஒரு ஆளுக்கு, இல்லன்னா ஏழு பேருக்கு.”

“பன்னிரண்டு லட்டு இருந்தா?”

விரல் விட்டு எண்ணினாள். ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஆறு பேர், பன்னிரண்டு பேர். “ஆறு வழி இருக்கு தாத்தா!”

ஏழு, பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. பன்னிரண்டோ யார் வந்தாலும் பங்கு கொடுக்கும் எண். அதற்குக் காரணிகள் ஆறு. பன்னிரண்டுக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது, அதிகபட்சம் நான்குதான்.

படிக்கட்டில் ஏறும்போது மகளுக்குச் சிங்கப்பூர் ஃபிளையர் நினைவுக்கு வந்தது. அந்த ராட்டினத்தில் 28 கூண்டுகள். கூண்டுக்கு 28 பேர்வரை ஏறலாம். “28-க்கு எத்தனை?” என்று தானே கேட்டுக்கொண்டு 1, 2, 4, 7, 14, 28 என்று சொன்னாள். அதற்கும் ஆறுதான். “அய்யே, 12-க்கே ஆறு இருக்கே. 28 அவ்ளோ பெருசா இருந்தும் ஆறுதானா?” என்றாள்.

விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்விதான் கணிதத்தில் ஒரு பெரிய தலைப்பு. தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும் விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை ‘உயர் பகு எண்’ என்பார்கள். ஓட்டப் பந்தயத்தில் பழைய சாதனையை முறியடிப்பதுபோல, அதுவரை இருந்த எண்ணிக்கையை முறியடித்தால்தான் அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கும். சமமாக வந்தால் போதாது. 28-க்கு அதில் இடமில்லை.

தொடக்கத்தில் வரும் உயர் பகு எண்கள் நாம் தினமும் புழங்குபவை: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360. நாளுக்கு 24 மணி நேரம், மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. பாதி, கால், மூன்றில் ஒன்று என்று எப்படிப் பிரித்தாலும் பின்னம் வராமல் பங்கு வைக்க இவை வசதியானவை.

வெற்றிலைக் கணக்கு

பஃபலோ சாலையில் பூக்கடை ஒன்றில் அப்பா வெற்றிலையை இரண்டு இரண்டாக எடுத்து அடுக்கினார். ஏன் என்று மகள் கேட்டாள். “தாம்பூலத்துக்கு ஒத்தைப்படையில வைக்க மாட்டாங்க கண்ணு. ஒரு வெத்தலைக்கு இன்னொண்ணு ஜோடி இருக்கணும். கடைசியில ஒண்ணு தனியா நின்னா, எங்கேயோ ஒண்ணு விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.”

பிறகு எதேச்சையாகக் கேட்பதுபோல, “அன்னிக்கு 72-க்கு எத்தனை எழுதினே?” என்றார்.

“பதினொண்ணு.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். நானும்தான்.

காரணிகளுக்கும் ஜோடி உண்டு. 72-ஐ 1 வகுத்தால் 72 வரும். 2 வகுத்தால் 36. 3 வகுத்தால் 24. 4 வகுத்தால் 18. 6 வகுத்தால் 12. 8 வகுத்தால் 9. ஆறு ஜோடி, பன்னிரண்டு காரணிகள். என் மகளின் பட்டியலில் 4 மட்டும் ஜோடி இல்லாமல் நின்றது. 11 என்ற எண்ணிக்கையே ‘ஏதோ ஒன்று குறைகிறது’ என்று சத்தம் போட்டிருக்கிறது. அதைக் கேட்க நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பயிற்சித் தாள்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

“அப்போ 36-க்கு?” என்றாள் மகள் வழியிலேயே. 1-க்கு 36, 2-க்கு 18, 3-க்கு 12, 4-க்கு 9. 6-க்கு ஜோடி 6 தான். மொத்தம் ஒன்பது. வர்க்க எண்களுக்கு மட்டும் நடுவில் ஒன்று தனக்குத் தானே ஜோடியாக நிற்கும். அதனால் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் இரண்டே வாய்ப்புதான். ஒன்று, அது வர்க்க எண். இல்லையென்றால் நாம் எதையோ விட்டுவிட்டோம்.

நம்ம ஊர்க்காரர்

வீடு திரும்பும் வழியில் அப்பா ராமானுஜனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கும்பகோணத்துக்காரர்கள் யாரும் அதைத் தவிர்க்க முடியாது. சாரங்கபாணி சன்னதி தெருவில் அவர் வளர்ந்த வீடு இன்றும் நினைவில்லமாக இருக்கிறது. மகளுக்கு 1729 கதை தெரியும். டாக்சி எண், இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண். ஆனால் காரணிகள் என்று பார்த்தால் அந்தப் புகழ்பெற்ற எண் ஏழைதான். 7, 13, 19 ஆகிய மூன்று பகா எண்களின் பெருக்கல் அது. மொத்தம் எட்டே காரணிகள். 24-க்கே எட்டு உண்டு.

காரணிகளில் பணக்காரர்களாக இருக்கும் எண்களைப் பற்றி ராமானுஜன் என்ன செய்தார் என்று அன்றிரவு தேடிப் படித்தேன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். 1912-ல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து கப்பலேறி ஏப்ரலில் லண்டன் சேர்ந்தார். சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது.

போருக்கு நடுவே, 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் ஆய்விதழில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. தலைப்பே உயர் பகு எண்கள்தான். அறுபது பக்கங்களுக்கு மேல். அந்தப் பெயரை அந்த எண்களுக்கு வைத்தவரும் அவரே. அந்த ஆய்வுக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. கும்பகோணத்தில் கைநழுவிய பட்டம் அப்படி வந்து சேர்ந்தது.

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. 2-ல் தொடங்கி 6,746,328,388,800 வரையிலான உயர் பகு எண்களின் பட்டியல். கடைசி எண்ணுக்கு 10,080 காரணிகள். கணினியும் கால்குலேட்டரும் இல்லாத காலம். இத்தகைய எண்கள் எப்படி அமைந்திருக்கும் என்பதற்கான விதிகளைத் தானே நிறுவி, அவற்றைப் பிடித்துக்கொண்டு கையால் கணக்கிட்டு 102 எண்களைப் பட்டியலிட்டார்.

உண்மையில் அங்கே 103 எண்கள் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டுவிட்டது.

அந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய்த் தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தேன். எழுப்பிச் சொல்லத் தோன்றியது. மறுநாள் பள்ளி என்பதால் விட்டுவிட்டேன்.

293,318,625,600

அதுதான் விடுபட்ட எண். மறுநாள் மாலை சாப்பாட்டு மேசையில் எழுதிக் காட்டினேன். மகள் பள்ளியில் கற்றபடி வாசித்தாள்: 293 பில்லியன், 318 மில்லியன், 625 ஆயிரத்து 600. அப்பா கடைக் கணக்குப்படி வாசித்தார்: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இரண்டும் ஒன்றுதானா என்பதைச் சரிபார்க்கவே ஐந்து நிமிடம் போனது.

பார்ப்பதற்குத்தான் அது மிரட்டும். உள்ளே இருப்பவை 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என்ற முதல் எட்டுப் பகா எண்கள் மட்டுமே. 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, மற்றவை ஒவ்வொரு முறை. எல்லாவற்றையும் பெருக்கினால் அந்த எண் வரும்.

இன்னொரு விதமாகவும் எழுதலாம். 2520-ஐ 2520-ஆல் பெருக்கி, அதை 11, 13, 17, 19 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். 2520 என்பது 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண். அதுவும் ஓர் உயர் பகு எண்தான். மகள் தாளில் பெருக்கிப் பார்த்தாள். 2520-ஐத் தன்னாலேயே பெருக்கினால் 6,350,400. மற்ற நான்கையும் பெருக்கினால் 46,189. இரண்டையும் பெருக்க ஒரு பக்கம் முழுவதும் தேவைப்பட்டது. முதல் முறை தவறு. இரண்டாம் முறை சரியாக வந்தது.

இந்த எண்ணை 1-ஆல் வகுக்கலாம், 2-ஆல் வகுக்கலாம், 3-ஆல் வகுக்கலாம். இப்படியே 22 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். முதலில் மறுப்பது 23. அந்த 23-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

இதற்கு மொத்தம் எத்தனை காரணிகள்? ஒவ்வொன்றாக எழுதத் தேவையில்லை. 12-ஐ எடுத்துக்கொள்வோம். அது 2 பெருக்கல் 2 பெருக்கல் 3. அதன் காரணி ஒன்றை உருவாக்க, 2-ஐ எடுக்காமலே விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு எடுக்கலாம்: மூன்று வழி. 3-ஐ விடலாம் அல்லது எடுக்கலாம்: இரண்டு வழி. மூவிரண்டு ஆறு. லட்டுக் கணக்கில் வந்த அதே ஆறு. அதாவது ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பெருக்கினால் போதும்.

நம் பெரிய எண்ணுக்கு அது 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5,040. இருபத்தொன்பதாயிரம் கோடிக்கும் மேலான ஓர் எண்ணுக்கு ஐயாயிரத்து நாற்பது காரணிகள். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 5040-ம் ஓர் உயர் பகு எண். அதன் காரணிகள் 60. அறுபதும் உயர் பகு எண். அதன் காரணிகள் 12. பன்னிரண்டும் அப்படியே. அதன் காரணிகள் 6. ஆறுக்கு 4. ஆறும் நான்கும்கூட அந்தப் பட்டியலில் இருப்பவை. விடுபட்ட எண்ணில் தொடங்கிக் காரணிகளை எண்ணிக்கொண்டே இறங்கினால், 4 வரை எல்லாப் படிகளிலும் உயர் பகு எண்களே நிற்கின்றன. “கடைசியில டிடி12-லயே வந்து இறங்கிட்டோம்” என்றாள் மகள்.

23 போய் 28 வந்தது

பட்டியலில் இந்த எண் எங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்? அதற்கு முந்தியது 240,940,299,600. காரணிகள் 4,800. அடுத்தது 321,253,732,800. காரணிகள் 5,376. இரண்டுக்கும் நடுவில்தான் 5,040 காரணிகளோடு நம் எண் வருகிறது.

முந்திய எண்ணில் 2 நான்கு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, பிறகு 7 முதல் 23 வரை ஒவ்வொரு முறை. அதிலிருந்து 23-ஐ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு 2-ம் ஒரு 7-ம் வையுங்கள். அதாவது 23-க்குப் பதில் 28. விடுபட்ட எண் கிடைத்துவிடும். எண் சற்றே பெரிதாகிறது; காரணிகளோ 4,800-லிருந்து 5,040 ஆகின்றன. சாதனை முறியடிக்கப்பட்டது.

அடுத்த எண்ணுக்குப் போக வேண்டுமா? ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்துவிட்டு 23-ஐத் திரும்ப உள்ளே கூப்பிட வேண்டும். அதாவது 21-க்குப் பதில் 23.

ஆக, 23 உள்ளே வந்துவிட்டது, ஒரே ஒரு படிக்கு வெளியே போகிறது, பிறகு திரும்பி வருகிறது. அட்டவணையின் எஞ்சிய பகுதியில் எல்லா எண்களிலும் 23 உண்டு. 23 இல்லாமல் அந்தப் பகுதியில் நிற்கும் கடைசி எண் இதுதான். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள் என்று கதவைச் சாத்தும் நேரத்தில் வெளியே நிற்கும் ஒருவரைப்போல.

காரணிகளுக்கு இருக்கும் ஜோடிச் சோதனை இங்கே உதவாது. உயர் பகு எண்களின் பட்டியலில் யாரும் யாருக்கும் ஜோடி இல்லை. ஒன்று குறைந்தாலும் பட்டியல் சத்தம் போடாது. இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடைவெளிக்குள்ளும் நுழைந்து, ‘இங்கே யாராவது இருக்கிறார்களா’ என்று பார்த்தால்தான் தெரியும். அந்த இடைவெளிகளின் நீளமோ கோடிக்கணக்கில்.

விடுபட்டதும் தெரியாததும்

இதையெல்லாம் படித்தபோது என்னை அதிகம் நிறுத்தியது வேறொன்று.

உயர் பகு எண்ணில் பகா எண்கள் 2-ல் தொடங்கி இடையில் ஒன்றும் விடாமல் வரிசையாக வர வேண்டும். சிறிய பகா எண் அதிக முறை வரலாம்; பெரியது அதைவிட அதிக முறை வரக்கூடாது. காரணம் எளிது. 3-ஐ மூன்று முறையும் 2-ஐ ஒரு முறையும் வைத்தால் 54. அதற்கு எட்டுக் காரணிகள். இரண்டையும் இடம் மாற்றி 2-ஐ மூன்று முறையும் 3-ஐ ஒரு முறையும் வைத்தால் அதே எட்டுக் காரணிகள் 24-லேயே கிடைத்துவிடும். இன்னொரு விதி: கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விதிவிலக்கு. இது ராமானுஜன் நிறுவியது.

இப்போது விடுபட்ட எண்ணைப் பாருங்கள். பகா எண்கள் எத்தனை முறை வருகின்றன? 6, 4, 2, 2, 1, 1, 1, 1. வரிசை எங்கும் ஏறவில்லை. கடைசியில் 19 ஒரு முறைதான். பட்டியலில் இடம்பெறாத எண்ணும் அவருடைய விதிக்கு அடங்கியே நிற்கிறது. அவருடைய கணிதத்தில் ஓட்டை இல்லை. எழுதும்போது ஓர் எண் விடுபட்டது, அவ்வளவுதான்.

விட்டது வேறு, தெரியாதது வேறு. 72-ன் காரணிகள் பதினொன்றைச் சரியாக எழுதிய பிள்ளைக்குக் காரணி என்றால் என்ன என்பது தெரியும். அவளுக்குத் தெரியாதது, எழுதியதை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான். நானோ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி அவளைக் கேட்டேன்.

ஒன்று விடுபட்டதால் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. என் வேலையே சரக்குப் பட்டியல்களைச் சரிபார்ப்பது. ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு வரியை விட்டிருக்கிறேன். அன்று என் மேலாளர் திட்டவில்லை. பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படிக்கச் சொல்லிக் கொடுத்தார். இன்றும் அப்படித்தான் படிக்கிறேன். அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த அந்தப் பொறுமையை வீட்டில் மகளுக்கு நான் கொடுக்கவில்லை.

ராமானுஜனின் அந்தக் கட்டுரைக்கு இன்னொரு விடுபட்ட பகுதியும் உண்டு. அன்று லண்டன் கணிதச் சங்கம் பண நெருக்கடியில் இருந்ததால், செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நிறுத்தப்பட்டது. ராமானுஜன் 1919-ல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் தமது 32-வது வயதில் சென்னையில் காலமானார். அச்சேறாத அந்தப் பகுதி, பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் ஜான் லூயி நிக்கோலா, கீ ரோபன் ஆகியோரின் குறிப்புகளோடு 1997-ல் வெளியானது. எழுதி எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆய்வாளர்களுக்கு அது தேவைப்பட்டது. பட்டியலில் ஓர் எண் இல்லை என்பதற்காக அந்தக் கட்டுரையை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. விடுபட்டதைச் சேர்த்துக்கொண்டு மேலே போனார்கள்.

பென்சிலால் ஓர் எண்

இதை மகளிடம் பெரிய பாடமாக நான் சொல்லவில்லை. எண்ணை மட்டும்தான் காட்டினேன். “ராமானுஜனே விட்டாரா?” என்று இரண்டு முறை கேட்டாள். “விட்டாரு” என்றார் அப்பா. “ஆனா 102 எழுதினாரு. அதையும் சொல்லணும்.”

கொஞ்ச நேரம் கழித்து அவள் பையின் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தாள். 72-ன் காரணிகளுக்கு மேலே வளைவு வளைவாகக் கோடு போட்டு ஜோடி சேர்த்தாள். 1-க்கும் 72-க்கும் ஒரு கோடு, 2-க்கும் 36-க்கும் ஒரு கோடு. 4-க்கு வந்தபோது கோடு போய்ச் சேர இடமில்லை. அங்கே பென்சிலால் 18 என்று எழுதினாள்.

அடுத்த வாரப் பயிற்சித் தாளில் 96-ன் காரணிகள் கேட்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு எழுதி, ஆறு வளைவுக் கோடுகளும் போட்டிருந்தாள். மதிப்பெண் கிடைத்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது, தாளை என்னிடம் நீட்டும் முன் அவளே எண்ணிப் பார்த்ததுதான்.

அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். போகும்போது, சாரங்கபாணி சன்னதி தெரு வீட்டை டிசம்பரில் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22 இந்தியாவில் தேசியக் கணித நாள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். பயணச்சீட்டு விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, பேருந்தில் போகும்போது கண்ணில் படும் எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்று சொல்ல வேண்டும். புளோக் எண், பேருந்து எண், மாடி எண் எதுவானாலும் சரி. எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். ஒன்று, அது வர்க்க எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப எண்ணுவோம்.